படிப்பின் பெயரைச் சொல்லும் முன் வேலையின் ஒரு நாளைக் காட்டுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோர், ஆசிரியர், முன்னாள் மாணவர் அனைவருக்கும் வணக்கம்.

நான் காலணி செய்பவன். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்வு போனவர்களுக்கு, ஒவ்வொருவர் காலையும் அளந்து தனித்தனியாகச் செய்து கொடுப்பது என் தொழில். இதற்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். இடையில் தபால் வழியில் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டமும் வாங்கினேன். அந்தப் பட்டம் எனக்கு எந்த வேலையும் வாங்கித் தரவில்லை, இந்த மடலை எழுதுவதற்கு உதவுகிறது.

போன மாதம் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்னாள் மாணவன் என்ற முறையில் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைகள் பதினொன்றில் எந்தக் குரூப் எடுப்பது என்பதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சில் மதிப்பெண் வந்தது, கட் ஆஃப் வந்தது, நீட் வந்தது, கல்லூரிக் கட்டணம் வந்தது, யாரோ ஒருவருடைய அக்காள் மகன் பெங்களூரில் வாங்கும் சம்பளமும் வந்தது. ஆனால் அந்தப் படிப்புகள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைகளில், காலை ஒன்பது மணிக்கு உள்ளே போகும் ஒரு மனிதர் மாலை ஆறு மணி வரை என்ன செய்துகொண்டிருப்பார் என்ற பேச்சு ஒரு முறைகூட எழவில்லை. எழுந்து கேட்டிருக்க வேண்டியவன் நானும்தான். கூச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் வரை கிடைக்கும் விடுமுறையில், ஒவ்வொரு பிள்ளையும் நம் ஊர்ப்பக்கத்தில் நடக்கும் ஐந்து வேலைகளையாவது, ஒரு வேலைக்கு ஒரு முழு நாள் என்ற கணக்கில், அருகில் நின்று பார்ப்பதற்கு நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். குரூப் தேர்வு அதற்குப் பிறகு நடக்கட்டும். ஏன் இதைக் கேட்கிறேன் என்பதைச் சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனார் பேரணாம்பட்டில் தோல் ஷாப் ஒன்றில் வேலை பார்த்தார். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் உள்ளே போனவர். குரோம் வந்த பிறகும் அங்கேயே இருந்தார். சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தண்ணீரிலும் ஊறி ஊறி அவருடைய நகங்கள் பழுப்பேறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அந்த நிறம் போகாது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் கூப்பிடும் வரை இரண்டு கைகளையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம் பக்கத்தில் தோலைத் தொடும் வேலையின்மேல் சாதியின் பெயர் எழுதியிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, தன் பிள்ளை தோலைத் தொடக் கூடாது என்று ஒரு தகப்பன் நினைத்தால் அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. 'கால் காசானாலும் கவர்மெண்டு காசு' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதற்குச் சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும் காரணமல்ல. நகத்தின் நிறம் மாறாத ஒரு வேலை என் பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்பதே அதன் பொருள்.

அதற்காகவே என்னை ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தார்கள். எனக்குக் கணக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். 1986-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தவறினேன். மறுபடி எழுதித் தேறி, மூன்று ஆண்டுகள் எழுத்தர் வேலைக்கான தேர்வுகளை எழுதிப் பார்த்துவிட்டு, 1989-இல் தகப்பனார் எதைத் தொடக் கூடாது என்றாரோ அந்தத் தோலையே தொடும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஷூ கம்பெனியில் எனக்குக் கொடுத்தது ஸ்கைவிங் வேலை. ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். பல தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் அப்பர் வரும். இரண்டு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம் தடித்துவிடாதபடி, தைப்பதற்கு முன்பே விளிம்பைச் சீவி மெலிதாக்குவது ஸ்கைவிங். மணி போல வளைந்த கத்தி சுழன்றுகொண்டிருக்கும். துண்டின் விளிம்பை அதற்குக் காட்டினால் சீவல் சுருண்டு கீழே விழும். அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். மணிக்கு இத்தனை துண்டு என்ற டார்கெட் பலகையில் எழுதியிருக்கும். சூப்பர்வைசர் வந்து எண்ணிவிட்டுப் போவார். நான் சீவும் துண்டு ஷூவின் எந்தப் பக்கத்தில் போய் உட்காரும் என்பதே முதல் ஆறு மாதம் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் முழு ஷூவை நான் பார்த்தது அரிது; எங்கள் பிரிவிலிருந்து அப்பர்கள் பெட்டியில் கட்டி வேறு இடத்துக்குப் போய்விடும். இது யார் போடுகிற ஷூ என்று கேட்டால், 'ஜெர்மனி' என்பார்கள். ஒரு நாட்டின் காலை நினைத்துக்கொண்டு ஒருவன் எப்படிச் சீவுவான்?

அந்த வேலையை நான் இழிவாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தங்கையின் கல்யாணக் கடனை அடைத்தது அந்தச் சம்பளம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறிப் போவதால்தான் பல வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்; அவர்களில் பலர் உங்கள் குழுக்களிலேயே உறுப்பினர்களாக இருப்பீர்கள். வேலை கடினமாக இருந்தது என்பது என் குறை அல்ல. ஒன்பது ஆண்டுகளில் என் கை வேகமானது, ஆனால் எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை என்பதுதான் குறை. மாலையில் சைரன் ஊதினால் அன்று செய்தது எதுவும் நினைவில் இருக்காது.

1998-இல் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரையால் கால் மரத்துப்போய், பெருவிரலின் அடியில் புண் வந்து ஆறாமல் இருந்தது. அவரை வேலூருக்கு ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, புண்ணுக்குக் கட்டுப் போட்ட பிறகு, செருப்பு அளவு கொடுக்கச் சொல்லிப் பின்புறம் இருந்த ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தைத்து முடித்த ஒரு செருப்புக்குள் கையை விட்டுக் கண்களை மூடிக்கொண்டு, வார்களின் உட்புறத்தை விரல்களால் ஒவ்வோர் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "அவங்க காலுக்குத் தெரியாதுப்பா. அதனால என் கைக்குத் தெரியணும்" என்றார். பெரியம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மறுபடியும் அந்தப் பட்டறைக்குப் போய்ச் சாயந்திரம் வரை நின்றேன். கம்பெனிக்கு அன்று விடுப்பு எடுத்திருந்தேன். இல்லாவிட்டால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

இந்தத் தொழில் வேலூரில் வேர் பிடித்த கதையும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதே. பால் பிராண்டு என்ற மருத்துவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படிப்பதற்கு முன் சில ஆண்டுகள் கட்டடத் தொழிலில் கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகியவர். 1946-இல் வேலூருக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதற்கு நோய் நேரடிக் காரணம் அல்ல, வலி தெரியாததால் படும் காயங்களே காரணம் என்பதைக் கண்டறிந்து சொன்னார். மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். வலி தெரியாத பாதத்துக்குச் செருப்பே மருந்து என்ற எண்ணம் இங்கும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் வளர்ந்தது, எம்.சி.ஆர். என்று நாங்கள் சொல்லும் மெத்தென்ற ரப்பர் அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தது. ஒரு மருத்துவர் கொத்து வேலை பழகிய ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று நம் கூட்டங்களில் ஒருவராவது சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

கடன் மிச்சமிருந்ததால் உடனே மாற முடியவில்லை. ஓர் ஆண்டு கழித்து, கம்பெனியில் வாங்கியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சம்பளத்துக்கு அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். பாதத்தைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரைவோம். மை தடவிய ரப்பர் விரிப்பின்மேல் நடக்கச் சொல்லி, கீழே இருக்கும் தாளில் எந்த இடம் அதிகமாகக் கறுத்திருக்கிறது என்று பார்ப்போம். அங்கேதான் உடம்பின் பாரம் விழுகிறது, அங்கேதான் புண் வரும். உள்ளே எம்.சி.ஆர்., அடியில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறாத கடினமான சோல். ஆணி அடிக்கவே கூடாது. உள்ளே ஆணி கிளம்பினால் போட்டிருப்பவருக்குத் தெரியாது. பக்கிளும் வைக்க மாட்டோம், விரல் மடங்கிய கையால் அதைப் போட முடியாது, வெல்க்ரோதான்.

சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு முதியவருக்கு, குடியாத்தம் பக்கத்துக் கைத்தறி நெசவாளி, செருப்புச் செய்து கொடுத்தேன். மறுநாளே ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் அவசரப்பட்டதால், வாரின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தைக் கையால் சீவாமல் அப்படியே தைத்துவிட்டேன். கம்பெனியில் இயந்திரத்தில் சீவியவனுக்குக் கத்தியைப் பிடித்துச் சீவுவதற்குச் சோம்பல், அதுதான் உண்மை. மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். புறங்காலில், அந்தத் தையல் ஏறியிருந்த இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். அவருக்கு வலிக்கவில்லை, "செருப்பு நல்லா இருக்குதுப்பா" என்றுதான் சொன்னார்.

ஒன்பது ஆண்டுகள் நான் சீவிய விளிம்புகளுக்கு என்ன பொருள் என்பது அந்தப் புண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஜெர்மனியில் யாரோ ஒருவர் ஷூ போட்டு நடந்தபோது அவருடைய கால் உறுத்தாமல் இருந்தது என் கையால்தான். அதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று இரவு வீட்டுக்குக் கத்தியை எடுத்துப் போய், கழிவுத் தோலை வைத்துக்கொண்டு சீவிப் பழகினேன். யாரும் சொல்லாமல் நானாக வீட்டுக்கு வேலையைக் கொண்டுபோனது அதுவரை கிடையாது. எந்த நாளில் எனக்கு இந்த வேலை பிடித்தது என்று கேட்டால், அந்த நாளைத்தான் சொல்வேன். கண்ணில் நீர் வந்த நாளும் அதுவே.

தோல் அதேதான், கத்தியும் பசையும் பசையின் நெடியும் அதேதான். என் மகள் கல்லூரியில் மேலாண்மை படித்தபோது ஒரு நாள், 1970-களில் ஹேக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்ன ஒன்றை எனக்கு விளக்கினாள். ஒருவருக்குத் தன் வேலையில் நிறைவு கிடைப்பது அந்த வேலையில் ஐந்து தன்மைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்பது அவர்களுடைய கருத்து: பலவகைத் திறமைகளைப் பயன்படுத்த இடமிருப்பது, ஒரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தானே செய்வது, அது இன்னொருவர் வாழ்க்கையைத் தொடுவது, எப்படிச் செய்வது என்பதைத் தானே முடிவு செய்வது, செய்தது சரியா என்பது தனக்கே தெரியவருவது. மகள் சொல்லச் சொல்ல நான் மனத்துக்குள் அந்தப் பழைய மேசையையும் இந்தப் பட்டறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சூப்பர்வைசரின் எண்ணிக்கைதான் எனக்குக் கிடைத்த ஒரே பதில். இங்கே புண் ஆறியதா இல்லையா என்பதைக் கால் வந்து சொல்லிவிடுகிறது. ஆனால் பேராசிரியர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது.

அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கம்பெனி என்றால் சலிப்பு, பட்டறை என்றால் நிறைவு என்று நான் சொல்வதாக ஆகிவிடும். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தார். எனக்குக் கொடுத்த அதே வேலை, அதே டார்கெட். ஆனால் புதிதாக வரும் பெண்களைச் சூப்பர்வைசர் அவர் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். கத்தியில் விரல் படாமல் தோலைப் பிடிக்கும் விதத்தை அவர் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, அந்தப் பிரிவில் பாதிப் பேர் அவருடைய மாணவிகள் ஆனார்கள். அவரிடம் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் 'பொண்ணுங்களுக்கு வேலை சொல்லித் தர்றேன்' என்பார். கம்பெனி அவருக்கு அப்படி ஒரு பதவியைக் கொடுக்கவே இல்லை. ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் எழுதிய கட்டுரையில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி இதே போன்ற ஒன்றைச் சொல்கிறார்கள் என்று மகள் சொன்னாள்: அவர்களில் சிலர் தங்கள் வேலையைத் தரை துடைப்பது என்று மட்டும் நினைத்தார்கள், வேறு சிலர் நோயாளிகள் குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்து, யாரும் கேட்காமலேயே நோயாளிகளோடும் அவர்களைப் பார்க்க வருபவர்களோடும் பேசினார்கள், உதவினார்கள். வேலூரில் எந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அரை நாள் உட்கார்ந்தாலும் இந்த இரண்டு வகையினரையும் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். அங்கே இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று, சம்பளம் எதில் அதிகம் என்று கேட்ட குரல். இன்னொன்று, ஓர் இளம் ஆசிரியருடையது. 'பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும்' என்றார். இரண்டாவது குரலுக்குக் கைதட்டல் கிடைத்தது. நான் தட்டவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அருகில் பார்த்திருக்கும் வேலைகள் எத்தனை? ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், பேருந்து நடத்துநர், அப்பா அம்மா பார்க்கும் வேலை. மீதி எல்லாம் செல்பேசியில் பார்த்தவை. காணாத ஒன்று எப்படிப் பிடிக்கும்? பிடித்ததைப் படி என்று சொல்வது கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது ஒரு பெரிய பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு நாம் நகர்ந்துகொள்வது. நாளைக்கு அந்தப் பிள்ளை சலித்துப்போனால், 'நீ கேட்டதுதானே' என்று சொல்லிவிடலாம்.

இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் மருத்துவராக விரும்பியவர் அல்லர் என்பது வேலூரில் பலர் அறிந்த செய்தி. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று வந்து கேட்டுத் திரும்பிப் போக, மூன்று பெண்களும் இறந்துபோனதை மறுநாள் அறிந்த பிறகே அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். எந்தக் குரூப் பிடிக்கும் என்று அவரை முந்தின நாள் கேட்டிருந்தால் வேறு பதில்தான் வந்திருக்கும்.

சம்பளத்தைக் கேட்ட குரலை நான் மதிக்கிறேன். கடன் இருக்கும் வீட்டில் நிறைவைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. நானே ஓர் ஆண்டு காத்திருந்தேன் என்று சொன்னேன். ஆனால் அந்தக் குரல் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2022-இல் நடந்த குரூப் 4 தேர்வில் ஏழாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட இடங்களுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அந்த இருபது லட்சம் பேரில் ஒரு கிராம நிர்வாக அலுவலருடைய மேசைக்கு அருகில் ஒரு நாள் உட்கார்ந்து, அடங்கலும் சிட்டாவும் சான்றிதழ் கேட்டு வரும் கூட்டமும் எப்படியிருக்கும் என்று பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எழுதட்டும், நன்றாக எழுதட்டும். அந்த வேலையிலும் மனம் நிறைந்து இருப்பவர்களை நான் அறிவேன். பார்த்துவிட்டு எழுதட்டும் என்கிறேன்.

2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதல் நடக்கிறது. அது நல்ல காரியம், எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பது தெரியாமல் ஏமாந்த தலைமுறை எங்களுடையது. ஆனால் அது படிப்புக்கு வழி காட்டுகிறது. படிப்புக்கு அப்பால் இருக்கும் நாளை உள்ளூர்க்காரர்களாகிய நீங்கள்தான் காட்ட முடியும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்கும், பாதி இடத்தைப் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறது. அதாவது, உங்கள் குழுவிலேயே தையல்காரர், நெசவாளி, செவிலியர், ஷூ கம்பெனித் தொழிலாளி, விவசாயி, ஓட்டுநர் எல்லாரும் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து மாலை போட வேண்டிய தேவை இல்லை.

செய்யும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். முதலில், பிள்ளைகள் பார்க்கத்தான் போக வேண்டும், வேலை செய்ய அல்ல. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைக்கவும், பதினெட்டு வயது வரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தவும் சட்டம் தடை செய்கிறது. இந்த ஏற்பாட்டைச் சாக்காக வைத்து விடுமுறையில் கூலியில்லாத ஆள் பிடிக்க நினைப்பவர்களும் நம் ஊரில் உண்டு. ஆகவே ஓர் ஆசிரியரோ குழு உறுப்பினரோ உடன் இருக்க வேண்டும். நால்வருக்கு மேல் ஓரிடத்துக்கு அனுப்பக் கூடாது. பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

அடுத்து, எங்கே அனுப்புவது என்பதில் பெரிய பெயர்களை மட்டும் தேடாதீர்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் தறியருகே ஒரு நாள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்திரிக்காய் விளையும் இலவம்பாடித் தோட்டத்தில், விடியற்காலையில் காய் பறிப்பதிலிருந்து ஒரு நாள். கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாக ஒரு நாள். பேருந்துப் பணிமனையில் ஒரு நாள். கூத்துக் குழுவினர் சம்மதித்தால், திருவண்ணாமலைப் பக்கத்தில் அரிதாரம் பூசத் தொடங்கும் மாலையிலிருந்து விடியும் வரை ஓர் இரவு. ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையத்தில் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றிப் பாடத்தில் படிக்கும் பிள்ளைக்கு, அந்தப் பெரிய ஆடிக்கு அலுமினியப் பூச்சுப் புதுப்பிப்பதும் ஒருவருடைய வேலை என்பது தெரியாது. விஞ்ஞானியாக முடியாவிட்டால் அந்த வாசலே நமக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பெரிய வேலையையும் சுற்றிப் பெயர் தெரியாத இருபது வேலைகள் நிற்கின்றன. நம் பிள்ளைகளில் பலர் போய்ச் சேரப்போவது அந்த இருபதில்தான்.

மூன்றாவது, பிள்ளைகள் என்ன கேட்க வேண்டும் என்பது. 'உங்கள் வேலை உங்களுக்குப் பிடிக்குமா' என்று கேட்டால் எல்லாரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள், அதுவும் மேலாளர் பக்கத்தில் நின்றால். நேற்று வந்ததிலிருந்து வீட்டுக்குப் போகும் வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்தது சரியா தவறா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும், எவ்வளவு நேரத்தில் தெரியும் என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசியாகப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது எப்போது, சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்கச் சொல்லுங்கள். ஷூ கம்பெனியில் இருந்த காலத்தில் ஒரு மாணவன் வந்து இந்த மூன்றாவது கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், எனக்கு அன்றே கண் திறந்திருக்கும்.

பார்த்துவிட்டு வந்த பிள்ளை உடனே 'இதுதான் எனக்குப் பிடித்த வேலை' என்று அறிவித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்தில் மூன்று வேண்டாம் என்று தோன்றினாலே அந்த ஐந்து நாள் வீண் இல்லை. எனக்கு வேலை பிடித்தது அதைப் பார்த்த நாளில் அல்ல. பார்த்த நாளில் நிற்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவே. கை பழகி, ஒரு தவறு செய்து, அந்தத் தவறின் முகத்தை நேரில் கண்ட பிறகுதான் பிடித்தது. மதிப்பெண்ணை வைத்து ஒரே நாளில் குரூப் கொடுத்து முடிக்கும் நமக்கு இந்த நிதானம் பழக்கமில்லை.

தோல் வேலையிலிருந்து பிள்ளையை விலக்கி வைக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை தோலைத் தொட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் மக்களைப் பல தலைமுறை அந்த வேலையில் கட்டிப்போட்ட கயிற்றை அறுத்துக்கொண்டு போவதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த இடத்துக்கு, அது இழிவானது என்று நம்மிடம் சொன்னவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் வந்து ஒரு நாள் நிற்கட்டும். என் தகப்பனார் கடைசிக் காலத்தில் ஒரு முறை என் பட்டறைக்கு வந்தார். நான் சீவி வைத்திருந்த ஒரு வாரை எடுத்துக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து, "தோலு நல்ல தோலு" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

2022-இல் அந்தப் பட்டறையை விட்டு வந்து, இப்போது தொரப்பாடிப் பக்கத்தில் சிறியதாக ஒன்று வைத்திருக்கிறேன். வரும் மே மாதம் முழுவதும், ஞாயிறு தவிர, காலை ஒன்பதரை மணிக்குக் கதவு திறந்திருக்கும். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகளுக்குத்தான் நிற்க இடம் உண்டு. அளவு கொடுக்க வருபவர்கள் கூச்சப்படுவார்கள். ஆகவே அவர்கள் சம்மதித்தால் மட்டும் பாதத்தைப் பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது. மதியச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீழே எப்போதும் கத்திச் சீவல் கிடக்கும்.

இப்படிக்கு,
ஒரு காலணித் தொழிலாளி,
வேலூர்.